பிலிம் கமராவுக்கு எந்த ட்ரைபொட்?

யாழ்ப்பாணத்தில் பிலிம் கமரா வைத்திருப்பவர் ட்ரைபொட் தேடிப் புறப்பட்டால் ஐந்து வகை கண்ணில் படும். புதிதாக விற்கும் மெல்லிய பயண ட்ரைபொட், பாவித்த கனமான அலுமினிய ட்ரைபொட், காபன் ஃபைபர், கல்யாண வீடியோக்காரர் கைமாற்றிவிடும் இரட்டைக் குழாய் ஸ்ரான்ட், நில அளவையாளரின் மர ஸ்ரான்ட். 35 மில்லிமீற்றர் கமராவுக்குப் பாவித்த கனமான அலுமினியத்தையே வாங்குங்கள். 120 பிலிம் போடும் பெரிய கமரா என்றால் அதையோ மர ஸ்ரான்டையோ எடுங்கள். மற்றவையும் சில இடங்களில் உதவும். ஆனால் காசு ஒருமுறைதான் செலவழிக்கலாம் என்றால் இதுதான் வரிசை.

டிஜிட்டலில் எடுத்த படத்தை அந்த இடத்திலேயே பெருப்பித்துப் பார்க்கலாம். ஆடியிருந்தால் வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவைக் கூட்டி இன்னொன்று எடுக்கலாம். ஐஎஸ்ஓ 100 பிலிம் போட்டால் 36 படமும் 100தான். 120 பிலிமில் 6x7 சென்ரிமீற்றர் படம் எடுக்கும் கமராவில் ஒரு றோலுக்குப் பத்தே படம். ஆடியது தெரியவருவது றோலைக் கழுவிக் காயப்போட்ட பிறகு.

வெளிச்சம் குறையக் குறையப் பிலிம் மந்தமாகிவிடுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பண்ணைக் கடலோரத்தில் பொழுதுபட்ட பிறகு லைட் மீற்றர் 10 செக்கன் காட்டுகிறது என்று வையுங்கள். இல்ஃபோர்ட் தரும் கணக்கின்படி எஃப்பி4 பிலிமுக்கு அது ஏறத்தாழ 18 செக்கன், எச்பி5க்கு 20 செக்கன். கொடாக் ட்ரை-எக்ஸின் அட்டவணைப்படி 50 செக்கன். மீற்றர் 30 காட்டினால் எச்பி5 ஏறத்தாழ 86 செக்கன் கேட்கும். கடற்காற்றில் ஒன்றரை நிமிடம் அசையாமல் நிற்கும் கால்தான் இங்கே தேவை.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது

எஸ்எல்ஆர் கமராவில் பொத்தானை அமத்தியதும் உள்ளே இருக்கும் கண்ணாடி எழும்பி மேலே அடிக்கும். அந்த அடியில் கமரா உலுப்பும், உலுப்பல் கால்வரை இறங்கித் திரும்பி வரும். 1/250இல் ஷட்டர் அவ்வளவு விரைவாக மூடிவிடுவதால் பாதிப்பு சிறிது. 8 செக்கன் திறந்திருந்தால் ஆடிய நேரம் மொத்த வெளிச்சத்தில் ஒரு துளி. ஏறத்தாழ 1/30 தொடக்கம் 1/2 செக்கன் வரைதான் ஆபத்தான இடம். திறந்திருக்கும் நேரம் முழுவதையும் ஆட்டமே பிடித்துக்கொள்ளும். மெல்லிய ஸ்ரான்டில் 1/8இல் எடுத்த படம், கையில் பிடித்து 1/125இல் எடுத்ததைவிடக் கலங்கி வருவது இதனால்தான்.

ஆகவே உங்கள் கமராவில் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி வைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். நிக்கோன் எஃப்2, எஃப்3, ஒலிம்பஸ் ஓஎம்-1, பழைய கெனன் எஃப்-1 (பின்னர் வந்த நியூ எஃப்-1 அல்ல) ஆகியவற்றில் அதற்கென்று பிடி உண்டு. நிக்கோன் எஃப்எம்2இல் தனிப் பிடி இல்லை. ஆனால் செல்ஃப் டைமரை முறுக்கி விட்டால் கண்ணாடி முதலில் எழும்பிவிடும், ஷட்டர் சில செக்கன் கழித்துத்தான் திறக்கும். ஆட்டம் அடங்க அது தாராளம். கெனன் ஏஇ-1, பென்டாக்ஸ் கே1000 இரண்டிலும் இந்த வசதி ஒன்றுமே இல்லை. இவற்றை வைத்திருப்பவர் கால்களுக்குக் கூடுதலாகச் செலவழிக்கத்தான் வேண்டும்.

ஒரு செக்கனுக்கு மேற்பட்ட படங்களுக்கு மட்டும் ஒரு பழைய கைமுறை உண்டு. ஒரு கறுப்பு அட்டையை லென்ஸில் முட்டாமல் முன்னால் பிடியுங்கள். ஷட்டரை, அமத்தியிருக்கும்வரை திறந்து நிற்கும் ‘பி’யில் வைத்து, கேபிள் ரிலீஸால் (பொத்தானில் பூட்டி எட்ட நின்று அமத்தும் கம்பி) திறந்து, மூடாதபடி அந்தக் கம்பியைப் பூட்டிவிடுங்கள். இரண்டு செக்கன் பொறுத்து அட்டையை எடுங்கள். நேரம் முடிந்ததும் அட்டையை மறுபடி பிடித்து, பிறகு ஷட்டரை மூடுங்கள். கே1000இன் ஷட்டர் முழுக்க இயந்திரம் என்பதால் எத்தனை நிமிடமும் திறந்து வைக்கலாம். ஏஇ-1 ‘பி’யில் நிற்கும் நேரம் முழுக்கப் பற்றரியைக் குடிக்கும், மேலதிகமாக ஒன்று பையில் இருக்கட்டும்.

யஷிகா மாட், ரோலிஃபிளெக்ஸ் போன்ற இரட்டை லென்ஸ் கமராக்களில் எழும்பும் கண்ணாடி கிடையாது, லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டரும் மிக மென்மை. ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள இவற்றுக்கு நடுத்தர ஸ்ரான்ட் போதும். மறுமுனையில் நிற்பது பென்டாக்ஸ் 67. பிரிசமும் லென்ஸும் சேர்ந்து இரண்டு கிலோவைத் தாண்டும். அதில் கண்ணாடியைத் தூக்கிப் பூட்டினாலும், ஷட்டரின் பெரிய துணித்திரை ஓடி நிற்கும்போது ஒரு குலுக்கல் மிஞ்சும். அதற்கு மெல்லிய கால் எதுவுமே உதவாது.

கடையில் சொல்லும் கிலோக் கணக்கு

பெட்டியில் ‘8 கிலோ தாங்கும்’ என்று போட்டிருக்கும். அது முறியாமல் தாங்கும் எடை. ஒவ்வொரு கம்பனியும் தனக்கென்று ஒரு முறையில் அளந்து போடுவதால் இரண்டு பெட்டிகளை ஒப்பிடவும் அந்த எண் பயன்படாது. நமக்கு வேண்டியது நெளியாத தன்மை. அது குழாயின் விட்டத்தில் இருக்கிறது.

சுவரின் தடிப்பு ஒன்றாக இருந்தால் குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 22 மில்லிமீற்றர் குழாயை விட 28 மில்லிமீற்றர் குழாய் இரண்டு மடங்கு விறைப்பு. 14க்கும் 20க்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒரு காலின் விறைப்பை அதன் ஆக மெல்லிய துண்டுதான் தீர்மானிக்கிறது. ஐந்து துண்டாக மடியும் ஸ்ரான்டில் கடைசித் துண்டு பேனை அளவுக்கு வந்துவிடும். கடைக்காரர் முதல் துண்டைக் காட்டுவார். நீங்கள் கடைசித் துண்டை இழுத்துப் பாருங்கள்.

நீளமும் இதேபோல்தான். காலின் நீளத்தைக் காற்பங்கு குறைத்தால் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடும். இங்கே இரட்டை லென்ஸ் கமராக்காரருக்கும் ஹசல்பிளாட்காரருக்கும் ஒரு பெரிய இலாபம் இருக்கிறது. மேலிருந்து குனிந்து பார்க்கும் கமராவுக்கு ஸ்ரான்ட் 110 சென்ரிமீற்றர் உயர்ந்தால் போதும். கடைசித் துண்டை இழுக்கவே தேவையில்லை. கண்ணில் வைத்துப் பார்க்கும் கமராவுக்கு, ஆள் 170 சென்ரிமீற்றர் உயரம் என்றால், கமராவைப் பிடிக்கும் தலை இல்லாமல் கால் மட்டும் 140 சென்ரிமீற்றர் வரவேண்டும். நடுத்தண்டை உயர்த்தாமல் இந்த உயரம் வருகிறதா என்று அளந்து வாங்குங்கள். நடுத்தண்டை முழுக்க உயர்த்தினால் மூன்று காலின் மேல் ஒற்றைக் கம்பம் நட்டதுபோல ஆகிவிடும், கால் எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

ஐந்தையும் எடைபோட்டால்

மெல்லிய பயண ட்ரைபொட் ஏறத்தாழ ஒரு கிலோ. பையில் போகும், பஸ்ஸில் இடைஞ்சல் இல்லை. 50 மில்லிமீற்றர் லென்ஸ் போட்ட சிறிய கமராவைக் காற்றில்லாத இடத்தில், கடைசித் துண்டை இழுக்காமல், நடுத்தண்டை இறக்கி வைத்து எடுத்தால் வேலை செய்யும். அப்போது அது இடுப்புக்குக் கீழேதான் நிற்கும். சோளகம் வீசும் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை கடற்கரையில் அதை நம்பி ஒரு றோலைச் செலவழிக்க வேண்டாம்.

பாவித்த கனமான அலுமினியம் என்று சொல்வது மூன்று துண்டாக மடியும், தலையோடு இரண்டரை தொடக்கம் மூன்றரை கிலோ வரும் ஸ்ரான்ட். மன்ஃப்ரொட்டோ 055 இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஸ்லிக், வெல்பொன் கம்பனிகளின் பழைய பெரிய ஸ்ரான்டுகளும் நல்லவை. மடித்தால் 60, 70 சென்ரிமீற்றர். மோட்டார் சைக்கிளின் பின் கரியரில் நீளவாக்கில் இரண்டு ரப்பர் கயிற்றால் கட்டலாம். குறுக்கே கட்டினால் ஒழுங்கையில் வேலிக் கதியாலில் தட்டும். இதே விறைப்பைப் புதிதாக வாங்கப் போனால் பல மடங்கு காசு கேட்கும். இருபது வருடம் பாவித்தது என்பதற்காக அலுமினியக் குழாய் இளகிப் போகாது. பூட்டுகள்தான் தேயும், அவற்றை மாற்றலாம்.

காபன் ஃபைபர் அதே விறைப்பைக் குறைந்த எடையில் தரும், அதிர்வை அலுமினியத்தைவிட விரைவாக அடக்கும். நடந்தே திரிபவருக்கு உகந்தது. விலையும் அதற்கேற்றது. எடை குறைந்ததால் காற்றுக்குக் கவிழக்கூடியது, ஆகவே தண்டில் பாரம் தொங்கவிட வேண்டும்.

கல்யாண வீடியோக்காரரின் ஸ்ரான்டைப் பலர் பார்த்ததும் ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு. ஒவ்வொரு காலிலும் இரண்டு குழாய், நடுவில் மூன்று காலையும் இணைக்கும் விரிகட்டு, முறுக்கினால் அசையாது. குறை தலையில்தான். வீடியோத் தலை முன்னும் பின்னும் மட்டுமே சாயும், பக்கவாட்டில் சாயாது. 35 மில்லிமீற்றர் கமராவில் நிலைக்குத்துப் படம் எடுக்க முடியாது. 6x6 சதுரப் படம் எடுப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. காலின் உச்சியில் தலை உட்காரும் கிண்ணம் 75 மில்லிமீற்றர் என்றால், 3/8 ஸ்குரூ வைத்த அரைக்கோளம் ஒன்றை வாங்கிச் சாதாரணத் தலையைப் பூட்டலாம். மேடு பள்ளமான நிலத்தில் விரிகட்டு இடைஞ்சல் தரும். இதே தோற்றத்தில் பிளாஸ்ரிக் தலை கழற்ற முடியாமல் பொருத்தி வரும் மலிவு ஸ்ரான்டுகள் வேறு சாதி, அவற்றைத் தொடவேண்டாம்.

நில அளவையாளரின் மர ஸ்ரான்ட் ஐந்திலும் ஆக உறுதியானது. மரம் அதிர்வை உலோகத்தைவிட நன்றாக விழுங்கும், மேற்பலகை தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும், நடுத்தண்டு என்ற தொல்லையே இல்லை. எடை ஐந்து கிலோவுக்கு மேல். அதில் வரும் ஸ்குரூ 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 11 புரி. கமராத் தலைகளுக்கு வேண்டியது 3/8 அங்குலம், 16 புரி. இடையில் போடும் அடப்டரை இணையத்தில் வாங்கலாம். அல்லது லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து தரச் சொல்லலாம். பட்டறைக்குத் தலையையும் ஸ்ரான்டின் ஸ்குரூவையும் கையோடு கொண்டு போங்கள். மில்லிமீற்றர் புரியில் வெட்டிவிட்டால் இரண்டு சுற்று ஏறி இறுகிவிடும், பிறகு தலையின் புரியும் சேர்ந்து போய்விடும்.

மர ஸ்ரான்டின் காலைக் கிடையாகத் தூக்கி விடுங்கள். தொப்பென்று விழாமல் மெல்ல இறங்க வேண்டும். விழுந்தால் மேற்கீலின் நட்டை இறுக்குங்கள். மாரியில் மரம் ஊதும், கோடையில் சுருங்கும். வருடத்துக்கு இரண்டு தடவை இதைப் பார்த்தால் போதும். கூரிய இரும்புப் பாதங்கள் செம்மண்ணிலும் புல்லிலும் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். சீமெந்து நிலத்தில் அவை வழுக்கி அகலும், கமராவோடு சாயும். அங்கே மூன்று காலையும் சுற்றி முழங்கால் உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டிவிடுங்கள்.

ஒற்றைக்கால் ஸ்ரான்ட் இந்தப் போட்டியில் இல்லை. ஒரு கிலோ அரிசி போட்டுத் தைத்த துணிப்பை ஆனால் எல்லாரிடமும் இருக்க வேண்டும். கோட்டை மதிலில் அதை வைத்துக் கமராவை அமத்தினால் பல ட்ரைபொட்டுகளைவிட நன்றாக நிற்கும்.

வாங்க முன் சோதிக்கும் முறை

மலிவான லேசர் பேனை ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். கமராவை ஸ்ரான்டில் பூட்டி, பேனையை லென்ஸின் மேல் ரேப்பால் ஒட்டி, 10 மீற்றர் தள்ளியிருக்கும் சுவரில் புள்ளியை விழுத்துங்கள். சுவரில் ஒரு கடதாசியை ஒட்டி அந்தப் புள்ளியைப் பேனையால் வட்டமிட வேண்டும். ஒருவர் சுவரருகில் நின்று பார்க்க, மற்றவர் பிலிம் இல்லாத கமராவில் கேபிள் ரிலீஸால் 1/8இல் ஷட்டரை அமத்த வேண்டும். புள்ளி துள்ளும். எவ்வளவு துள்ளுகிறது, எத்தனை எண்ணுவதற்குள் அடங்குகிறது என்று பாருங்கள்.

கணக்கு எளிது. 10 மீற்றரில் புள்ளி ஒரு மில்லிமீற்றர் அசைந்தால், 50 மில்லிமீற்றர் லென்ஸில் பிலிமின் மேல் உருவம் 0.005 மில்லிமீற்றர் அசைகிறது. நல்ல பிலிமில்கூட அது கண்ணுக்கு அகப்படாது. அதே துள்ளல் 200 மில்லிமீற்றர் லென்ஸில் 0.02 மில்லிமீற்றர், பெரிய பிரதி போட்டால் தெரியும். புள்ளி ஐந்து மில்லிமீற்றர் துள்ளினால் 50 மில்லிமீற்றர் லென்ஸிலேயே படம் கலங்கும். நடுத்தண்டை முழுக்க உயர்த்தி ஒருமுறை, இறக்கி ஒருமுறை செய்து பாருங்கள்; பிறகு நடுத்தண்டை உயர்த்த மனம் வராது.

லேசர் இல்லாவிட்டால் கையே போதும். தலையை இரு கையாலும் பிடித்து வலமும் இடமும் முறுக்குங்கள். எங்கே நெகிழ்கிறது என்று விரலுக்குத் தெரியும்: தலைக்கும் காலுக்கும் நடுவிலா, தோள்மூட்டிலா, கால் பூட்டிலா. தலையடியில் என்றால் ஒரு ஸ்குரூவை இறுக்கினால் தீரும். தோள்மூட்டு என்றால் அலன் கீயால் போல்ட்டை இறுக்கிப் பாருங்கள். அங்கே வார்ப்பில் மயிரிழை வெடிப்பு இருந்தால் வாங்க வேண்டாம். அடுத்து, ஒவ்வொரு காலையும் தனித்தனியே முழுக்க நீட்டிப் பூட்டி நிலத்தில் ஊன்றி, உடல் பாரத்தை மெல்ல இறக்குங்கள். வழுக்கினால் பூட்டு தேய்ந்திருக்கிறது. தட்டி மூடும் பூட்டு என்றால் பெரும்பாலும் இறுக்கிச் சரிசெய்யலாம். முறுக்கும் பூட்டு என்றால் உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் வளையம் மாற்ற வேண்டும், அந்த மொடலுக்கு வளையம் கிடைக்குமா என்று முதலே தேடிப் பாருங்கள்.

தலையோடு, கமராவின் அடியில் பூட்டித் தலையில் கொழுவும் பிளேட் இருக்கிறதா என்பதைக் காசு கொடுக்க முன் கேளுங்கள். பழைய ஸ்ரான்டுகளில் அடிக்கடி தொலைவது அதுதான், ஒரு கம்பனியின் பிளேட் மற்றதற்குப் பொருந்தாது. பிளேட் இல்லாத தலையை அரைவிலைக்கும் வாங்க வேண்டாம். கால் நல்லதென்றால் தலையைக் கழித்து விலை பேசி, வேறு தலை போடுங்கள்.

எந்தத் தலை என்று கேட்டால், பிலிமுக்கு மூன்று பிடியுள்ள பான் தலை. ஒவ்வொரு திசையையும் தனித்தனியே பூட்டலாம், கோட்டை அகழியின் விளிம்பையோ நூலகத்தின் தூணையோ நேராக்கும்போது ஏற்கெனவே நேராக்கிய திசை குலையாது. மேலிருந்து பார்க்கும் கமராவில் இடம் வலம் மாறித் தெரியும். ஒற்றை உருண்டையில் திரும்பும் போல் ஹெட்டைத் தளர்த்தினால் எல்லாத் திசையும் ஒரே நேரத்தில் ஓடி, படத்தைப் பிடிப்பது பெரும்பாடாகிவிடும். சிறிய போல் ஹெட்டில் நீண்ட லென்ஸ் போட்டால், பூட்டிக் கையை எடுத்ததும் முனை சற்றுத் தாழும். நீண்ட நேரப் படத்தில் அந்தத் தாழ்வு தொடர்ந்துகொண்டே இருக்கும்.

காற்று, மணல், உப்பு

கமராவின் தோள்வாரைக் கழற்றி வையுங்கள். வாடைக்காற்றில் அது பாய்போலப் படபடத்து உலுப்பும். ஒரு காலை லென்ஸ் பார்க்கும் திசையில் வையுங்கள், மற்ற இரண்டுக்கும் நடுவில் நீங்கள் நிற்கலாம். 5 லீற்றர் தண்ணீர்க் கலனைத் தண்டின் கொக்கியில் தொங்கவிடுவதென்றால் அடி நிலத்தில் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். அந்தரத்தில் தொங்கினால் ஊஞ்சலாடி நிலைமையை மோசமாக்கும். பாரம் கவிழாமல் காக்கும், மெல்லிய காலின் நெளிவை அது மாற்றாது. பண்ணையில் பாலத்தின் மேல் வைக்காமல் அணைக்கட்டில் வையுங்கள். பஸ் போனால் தளம் அதிரும். போய் முடியும்வரை பொறுக்க வேண்டும்.

கசூரினா, சாட்டி கடற்கரைகளில் மணல் நெகிழும். மணற்காட்டு மேடுகளில் இன்னும் மோசம். பால்மா ரின் மூடி மூன்றைக் கொண்டு போய்க் காலடியில் வையுங்கள். அலை வந்து போகும் இடமென்றால் மூடி உதவாது. காலை ஆட்டி ஆட்டி ஒரு சாண் இறக்கி, இரண்டு மூன்று அலை வந்து போகவிட்டு, பிறகு படத்தின் கட்டத்தைச் சரிசெய்யுங்கள். அங்கே வழக்கத்துக்கு மாறாக ஆக மெல்லிய கடைசித் துண்டை முதலில் இழுக்க வேண்டும், அப்போதுதான் பூட்டு மணலுக்கும் தண்ணீருக்கும் மேலே நிற்கும். விறைப்பில் கொஞ்சம் போகும். பூட்டுக்குள் மணல் போனால் முழுதும் போகும்.

வீட்டுக்கு வந்ததும் கால்களை மூடாமல் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தீவுப்பக்கக் கிணறுகள் பல உவர்; அந்தத் தண்ணீரில் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாகும். மழைத்தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வேண்டும். முறுக்குப் பூட்டை முழுக்கக் கழற்றி உள்வளையத்தைப் பக்கம் மாறாமல் எடுத்து வைத்து, மணலைப் பழைய பல்துலக்கியால் தட்டி, நிழலில் காயவிடுங்கள். புரியில் மட்டும் துளி கிறீஸ். வளையத்தில் எண்ணெய் பட்டால் கால் வழுக்கும். கழுவாமல் மடித்து வைத்தால் ஸ்குரூ துருப்பிடிக்கும், அலுமினியத்தில் வெள்ளைப் பொருக்கு வரும், ஒரு சில மாதத்தில் கால் இழுபடாது.

கமராவைப் பூட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். இன்றைய ஸ்குரூ 1/4 அங்குலம், 20 புரி. பழைய ஐரோப்பியக் கமராக்கள் பலவற்றின் அடியில் 3/8 துளை இருக்கும். உள்ளே போடும் சிறிய பித்தளைப் புஷ் ஒன்றால் அதைக் குறுக்கலாம். ஸ்குரூ பிளேட்டுக்கு மேலே நான்கரை மில்லிமீற்றருக்கு மேல் நீண்டு நின்றால் இடையில் ஒரு வாஷர் போடுங்கள், பழைய கமராக்களின் துளை ஆழமில்லாதது. ரோலிஃபிளெக்ஸ், யஷிகா மாட் போன்றவற்றில் அடித்தகடு மெல்லியது. பலம் போட்டு இறுக்கினால் தகடு வளைந்து பின்கதவு சரியாக மூடாது, வெளிச்சம் உள்ளே போகும். இரண்டு விரலால் இறுக்கி நிறுத்துங்கள். அதற்குமேல் கமரா சுழல்கிறது என்றால் பிளேட்டில் ஒரு மெல்லிய கோர்க் துண்டை ஒட்டுங்கள்.